மேற்கோள் பட்டியலைக் கண்ணுக்கு இதமாக அமைப்பது: கேள்வி பதில்

மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளில் நூல் விவரங்களைத் திரையில் எப்படிக் காட்டலாம் என்று சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஆய்வு மாணவி, சேப்பாக்கம்: எங்கள் துறைக்காக ஒரு செயலி செய்கிறோம். பட்டியலிலேயே ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) பாணியில் காட்டிவிடலாமா சார்?

வேண்டாம்மா. ஏபிஏ அச்சுக்கானது. பட்டியலைப் பார்ப்பவர் 'அன்று படித்த அந்தக் கட்டுரை எங்கே?' என்றுதான் தேடுகிறார். முதல் வரியில் தலைப்பு, தடித்த எழுத்தில். அடுத்த வரியில் ஆசிரியர், ஆண்டு. இதழ் விவரம் அதற்குக் கீழே, சற்று மங்கலாக. '12(3), 45–60' என்றால் எது தொகுதி, எது இதழ் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். திரையில்தான் இடம் இருக்கிறதே, 'தொகுதி 12, இதழ் 3, பக். 45–60' என்று விரித்தே எழுதுங்கள். ஏபிஏ வடிவத்தைத் தனி முன்னோட்டமாக வையுங்கள். ஜேப்ரெஃப் என்ற மேற்கோள் மென்பொருளில் முன்னோட்டப் பாணியை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்; அது நல்ல ஏற்பாடு.

நூலகர், கோட்டூர்புரம்: இறக்குமதி செய்தால் 'வே., சாமிநாதையர் உ.' என்று வந்து நிற்கிறது!

மூலத்தில் 'சாமிநாதையர் உ. வே.' என்று இருந்திருக்கும்; கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்வதால் வரும் கூத்து இது. சோட்டீரோ என்ற மேற்கோள் மென்பொருளில் பெயரை ஒரே கட்டத்தில் எழுதும் வசதி உண்டு. ஆனால் 'உ. வே. சாமிநாதையர்' என்று அதில் போட்டால், வரிசையில் அவர் 'உ'வில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒற்றைக் கட்டத்தை நிறுவனப் பெயர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு 'சாமிநாதையர்' ஒரு கட்டத்திலும் இனிஷியல் மறு கட்டத்திலும் இருக்கட்டும். சொந்தமாகச் செயலி எழுதுபவர்கள், வரிசைக்குப் பெயரையும் திரைக்கு 'உ. வே. சாமிநாதையர்' என்ற வழக்கமான வடிவையும் எடுத்துக்கொள்ளலாம்.

நிரலாளர், தரமணி: அகர வரிசையில் 'மறுமலர்ச்சி' வந்த பிறகுதான் 'மலர்' வருகிறது. ஏன் அண்ணா?

யூனிகோடு எண்படி அடுக்கியிருக்கிறீர்கள் தம்பி. அங்கே 'ற'வுக்குப் பிறகுதான் 'ல'. நம் அகராதி வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டல் கொலேட்டரிடம் (Intl.Collator) தமிழ் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும். அப்புறம், 'ொ' ஒரே குறியாகவும் வரும், 'ெ' பிளஸ் 'ா' என்று இரண்டாகவும் வரும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதே என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள்.

அதே நிரலாளர்: நூல் தலைப்பைச் சாய்வெழுத்தில் காட்டலாமா?

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது. தடிமன் போதும். வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மேலே புள்ளியும் 'கீ'யின் வளைவும், கீழே 'கூ'வின் சுழியும் முட்டிக்கொள்ளக் கூடாது.

ஓய்வு பெற்ற பேராசிரியர், மயிலாப்பூர்: பழைய நூல்களில் 'ஜய வருஷம்' என்று மட்டும் இருக்கும். அதை எப்படிக் காட்டுவீர்கள்?

ஐயா, அறுபது ஆண்டுக்கொரு முறை அதே பெயர் திரும்பும்: 1894–95, 1954–55, 2014–15 மூன்றுமே ஜய. முகப்பில் அச்சிட்டபடி 'ஜய வருஷம்' என்றே காட்டி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [1894–95] என்று ஆங்கில ஆண்டைச் சேர்ப்பேன். ஊகமென்றால் கேள்விக்குறியும் உண்டு. வரிசைப்படுத்த அந்த எண் போதும். எந்த ஜய என்று காகிதத்தையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்து உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். மென்பொருளைத் தானாக நிரப்ப விடாதீர்கள்.