முழங்கால் மூட்டை எப்போது மாற்றுவது? ஈரோட்டு இயன்முறை மருத்துவரிடம் கேள்வி பதில்

ஈரோட்டில் இருபத்தேழு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். நான் அறுவைச் சிகிச்சை செய்பவள் அல்ல. அதற்கு முன்பும் பின்பும் கை பிடித்து நடக்க வைப்பது என் வேலை. ஆகவே கத்தி, மயக்க மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே அனுப்பிவிடுவேன். ஒரு வேண்டுகோள்: எக்ஸ்ரே பற்றி எழுதுகிறவர்கள் அதை நின்றபடி எடுத்தார்களா, படுக்க வைத்து எடுத்தார்களா என்று கட்டாயம் எழுதுங்கள்.

கோபிசெட்டிபாளையம்: வயது 58, பெண். எக்ஸ்ரேயில் இரண்டு முழங்காலும் கிரேடு 4. உடனே இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் அரை மணி நேரம் நடக்கிறேன், இரவில் தூங்குகிறேன். படி இறங்கும்போதுதான் வலி. என்ன செய்வது?

எல்லோரும் கேட்க நினைக்கும் கேள்வி இது. அதனால் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் கிரேடு கணக்கு 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. பூஜ்யம் முதல் நான்கு வரை, எலும்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி மிச்சம், ஓரங்களில் எவ்வளவு எலும்பு முளைத்திருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்லும். உங்கள் வலியை அது அளக்காது. கிரேடு 4 முட்டியோடு மஞ்சள் காட்டில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும். கிரேடு 2 என்று எழுதிய காகிதத்தோடு, கழிவறைக்குப் போகவே பிள்ளையின் தோளைப் பிடிக்கும் பெண்களையும் தெரியும்.

என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது வேறு. இரவில் வலி எழுப்புகிறதா? எவ்வளவு தூரத்தில் உட்கார இடம் தேடுகிறீர்கள்? கடந்த ஓராண்டில் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், கோயிலா, சந்தையா, பேத்தியின் காதுகுத்தா? உடற்பயிற்சி, எடைக் குறைப்பு இரண்டையும் மூன்று மாதம் உண்மையாகச் செய்து பார்த்தீர்களா? உங்கள் பதிலைப் பார்த்தால் இந்த மாதமே முடிவெடுக்க வேண்டிய அவசியம் தெரியவில்லை.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிறகும் முழுத் திருப்தி அடைவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முன்பு வலி குறைவாக இருந்தவருக்கு, மாற்றிய பிறகு கிடைக்கும் லாபமும் குறைவுதான். இன்னொன்று ஆயுள். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, மாற்றிய மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குகின்றன. நல்ல செய்திதான். ஆனால் 2017இல் அதே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், 70 வயதுக்கு மேல் மாற்றியவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படுபவர்கள் ஐந்து சதவீத அளவில்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கோ அது 35 சதவீதம் வரை போகிறது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம்.

பல்லடம்: விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 52. மூன்று ஆண்டுகளாக மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரை தினம் ஒன்று. அதில் சமாளிக்கிறேன். இன்னும் எத்தனை ஆண்டு இப்படித் தள்ளலாம்?

ஒரு நாள்கூட வேண்டாம். நாளைக் காலை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பாருங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள், பிறகு மருத்துவரைப் பாருங்கள். சீட்டு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் சத்தமில்லாமல் கெடுக்கும். முட்டிக்கு மாற்று உண்டு, சிறுநீரகத்துக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் "மூட்டுவலிப் பொடி"க்கும் இதே எச்சரிக்கை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

பொள்ளாச்சி: சவ்வு வளரும் என்று சொல்லி, என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து மூன்று முறை முட்டியில் ஊசி போட்டார்கள். நான்காவது போடலாமா?

தேய்ந்துபோன குருத்தெலும்பு அந்த ஊசியால் மறுபடி வளர்வதாக நிரூபணம் இல்லை. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு இந்த ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களில் அது போட்டால் தொற்று அபாயம் கூடும். நாள் குறித்தவர்கள் இதை மறக்காமல் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெங்களூரிலிருந்து, சொந்த ஊர் சென்னிமலை: அம்மாவுக்கு 66 வயது. தோட்டத்தில் தனியாக இருக்கிறார். கால் வில்லாக வளைந்துவிட்டது, இரவில் வலியால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். நானும் தங்கையும் பணம் ஏற்பாடு செய்துவிட்டோம். அம்மா மட்டும் மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். எதற்காக மறுக்கிறார் என்று அவரிடமே கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் காலம் கனிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கால் அவருடையது. அரை மனதோடு படுத்தவர் அறுவைக்குப் பின் முட்டியை மடக்க மாட்டார்.

திருப்பூர்: நடந்தால் இன்னும் தேயாதா? ஓய்வு கொடுப்பது நல்லதல்லவா?

ஓய்வில் தொடைத் தசை கரையும். தசை கரைந்தால் முழுப் பாரமும் மூட்டில் விழும். 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், மூட்டு மாற்றத் தகுதியான 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் 12 வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை, தேவைக்கு மருந்து. பாதிப் பேருக்குக் கூடவே அறுவை. அறுவை செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது, மறுக்கவில்லை. தீவிரமான பக்கவிளைவுகளும் அவர்களிடம்தான் அதிகம். ஆனால் பயிற்சி மட்டும் செய்தவர்களில் நாலில் ஒரு பங்கினர்தான் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்கள் தள்ளிப்போட முடிந்தது.

வீட்டில் செய்ய இரண்டு சொல்கிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையூன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள், பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. தாழ்ந்த நாற்காலி முடியாவிட்டால் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, இன்னொரு காலை நேராக ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் நான்கு கிலோ குறைகிறது.

காங்கேயம்: அம்மா, மன்னிக்கவும். "தள்ளிப்போடலாம்" என்று உங்களைப் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் என் அய்யன் எட்டு ஆண்டு காத்திருந்தார். 71 வயதில் முடியவே முடியாமல் போனபோது இருதயம் பலவீனம், மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். மாடு பிடித்த மனிதர் இன்று கட்டிலில் கிடக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் அய்யனுக்கு நேர்ந்தது எனக்கு வலிக்கிறது. நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சொன்னதில் பாதிதான் இதுவரை வந்திருக்கிறது, மீதியைச் சொல்ல வைத்துவிட்டீர்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு. நடை குறைகிறது, அதனால் எடை கூடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, இருதயம் தளர்கிறது. முட்டி முழுதாக நீளாமல் மடங்கியபடியே இறுகிவிடுகிறது. 1999இல் பாஸ்டன், மாண்ட்ரியல் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று, அறுவைக்கு முன் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைக்குப் பின் ஆறு மாதத்திலும் மற்றவர்களை எட்டிப்பிடிக்கவில்லை என்று காட்டியது. "முடியவே முடியாதபோது பார்த்துக்கொள்ளலாம்" என்பது தவறான ஆலோசனை. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உடுமலை: காங்கேயத்து அண்ணன் சொல்வதைக் கேட்டு யாரும் ஓட வேண்டாம். என் அக்கா 55 வயதில் செய்துகொண்டார். நான்கு ஆண்டாகியும் வலி போகவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வலிக்கிறதே!

காங்கேயம்: உங்கள் அக்கா நடக்கிறார் அல்லவா? என் அய்யன் நடக்கவில்லை.

உடுமலை: நடப்பது மட்டும் போதுமா? இரவு முழுக்கக் காலைத் தேய்த்துவிடுவது நான்.

இருவரும் சற்றுப் பொறுங்கள். இருவர் வீட்டிலும் நடந்தது உண்மை. ஒருவருக்குக் காலம் தவறியது. இன்னொருவருக்கு ஒருவேளை முட்டியைவிட இடுப்பிலோ முதுகிலோ காரணம் இருந்திருக்கலாம். உடுமலைத் தம்பி, அக்காவின் இடுப்பு மூட்டையும் முதுகையும் யாராவது சோதித்தார்களா? தொற்று இல்லை, உள்ளே வைத்த செயற்கை மூட்டு (உள்வைப்பு) தளரவில்லை என்று உறுதி செய்தார்களா? இல்லையென்றால் வேறொரு அறுவை மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேளுங்கள். நான்கு ஆண்டு வலியைப் பழகிக்கொள்ளச் சொல்வது சரியல்ல.

காங்கேயம்: சரி அம்மா. காத்திருப்பது எதுவரை, காலம் கடப்பது எப்போது? அதை உடைத்துச் சொல்லுங்கள்.

என் அனுபவக் கணக்கைச் சொல்கிறேன். மூன்று மாதம் உண்மையான பயிற்சி. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, வாரத்தில் எத்தனை இரவு வலி எழுப்புகிறது, கட்டிலில் கால் நீட்டினால் முட்டியின் அடிப்பக்கம் மெத்தையைத் தொடுகிறதா. இவற்றில் இரண்டு மோசமாகிக்கொண்டே போனால் அறுவை மருத்துவரைப் பார்த்து நாள் பேசுங்கள். கூடவே சர்க்கரை, இருதயம், பல் எல்லாவற்றையும் இப்போதே சீர் செய்யுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையைத் தள்ளி வைப்பார்கள். உங்கள் அய்யனுக்கு இந்த நோட்டை யாராவது எட்டு ஆண்டுக்கு முன் கொடுத்திருக்க வேண்டும்.

கரூர்: வயது 61, கிரேடு 3. மாற்றலாமா?

கோபி அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். நின்றபடி எடுத்த படமா?

தாராபுரம்: வயது 64, கிரேடு 3, எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டேன். அனுப்பட்டுமா?

வேண்டாம். தேய்மானம் இந்த அளவு போன முட்டிக்கு நின்றபடி எடுத்த சாதாரண எக்ஸ்ரே போதும். படுத்து எடுத்த படத்தில் உடல் பாரம் மூட்டில் விழாது, அதனால் இடைவெளி உண்மையைவிட அதிகமாகத் தெரியும். முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

அவிநாசி: கிரேடு 4, வயது 60. எந்த வயதில் செய்வது நல்லது?

வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நோட்டை எடுங்கள்.

கோயம்புத்தூர்: ரோபோ மூலம் செய்வது நல்லதா? "தங்க மூட்டு" என்கிறார்களே?

ரோபோ எலும்பைத் துல்லியமாக வெட்ட உதவுகிறது. சில ஆண்டு கழித்து நோயாளியின் நடையில் பெரிய வேறுபாடு இருப்பதாக உறுதியான சான்று இன்னும் இல்லை. இயந்திரத்தைவிட, அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள். தங்க மூட்டில் தங்கம் இல்லை, அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் நிறம். உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் பரிசீலிப்பார்கள்.

நாமக்கல்: செலவு எவ்வளவு ஆகும்?

மொத்தச் செலவை மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டு உள்வைப்புக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று 54,720 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆகவே பில்லில் உள்வைப்பின் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதன் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள், பின்னாளில் தேவைப்படும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சத்தியமங்கலம்: இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யலாமா?

அதை உங்கள் இருதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும்தான் சொல்ல வேண்டும்.

பவானி: குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறேன். மூட்டு மாற்றிய பிறகு குழியில் இறங்கி உட்கார முடியுமா?

விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவதால் முட்டி 90 பாகைதான் மடங்க வேண்டும். அது கிடைத்துவிடும். இறங்குவதும் ஏறுவதும் மிதிப்பதும்தான் சிக்கல். குழிக்குப் பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கம்பி நடுங்கள். அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகும் முன் குழியில் இறங்க வேண்டாம். தரையில் குந்துவதையும் சம்மணமிடுவதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பெங்களூர், சென்னிமலை: அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இது: "இரண்டு கறவை மாட்டை யார் பார்ப்பது? பக்கத்துத் தோட்டத்து அக்கா ஆபரேஷன் செய்து கட்டிலோடு போய்விட்டார். எனக்கும் அப்படி ஆனால் உன் வீட்டு நான்காவது மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாய்." இதை இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இப்போது உங்களுக்கு வேலை தெரிந்துவிட்டது. மூன்று பயத்துக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மாடுகளை மூன்று மாதத்துக்கு யாரிடம் விடுவது என்று அவரே ஆள் சொல்லட்டும், கூலியை நீங்கள் கொடுங்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நேரில் போய் விசாரியுங்கள். முட்டியை மடக்கும் பயிற்சியைப் பாதியில் விட்டிருக்கலாம், அப்படியென்றால் அதை உங்கள் அம்மாவுக்கு வராமல் தடுக்கலாம். நான்காவது மாடிக்குக் கூட்டிப்போகாதீர்கள். நீங்களோ தங்கையோ முதல் மூன்று வாரம் தோட்டத்தில் வந்து தங்குங்கள். அறுவை நாளன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வைப்பார்கள், ஆறு வாரத்தில் பெரும்பாலோர் கோலோடு வாசல் வரை போவார்கள். அதற்குள் வீட்டில் உயரமான கழிவறை இருக்கை, சுவரில் கைப்பிடி, கட்டுத்தரையில் ஓர் உயரமான முக்காலி தயாராக வேண்டும். குந்திப் பால் கறக்க முடியாது, ஆனால் முக்காலியில் உட்கார்ந்து தீவனம் வைக்கலாம்.

அந்த முக்காலியை அறுவைக்கு முன்பே செய்து அம்மாவின் கண்ணில் படும்படி வையுங்கள். நாளை அவரிடமே போன் கொடுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் நான் பேசுகிறேன்.