பின்மண்டையில் ஓர் ஊசி: ஒற்றைத் தலைவலிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் மருத்துவர் அல்ல. தண்டையார்பேட்டையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டு, 19 வருடமாக ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்துகிறவள். பின்மண்டை நரம்பை மரக்கச் செய்யும் நெர்வ் பிளாக் ஊசியை 7 முறை போட்டுக்கொண்டவள். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன். இதில் வரும் மருந்துப் பெயரைப் படித்துவிட்டு நேரே மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்.

அக்கா, எனக்கு வலிப்பது நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும். ஊசியை மட்டும் ஏன் பின்மண்டையில் போடுகிறார்கள்? (கொருக்குப்பேட்டை, இல்லத்தரசி)

நானும் முதல் நாள் இதைத்தான் கேட்டேன். கழுத்துத் தண்டின் மேல்பகுதியிலிருந்து ஆக்ஸிபிட்டல் நரம்பு என்று ஒன்று கிளம்பிப் பின்மண்டைத் தோலுக்கு ஏறுகிறது. நெற்றி, கண், முகம் இவற்றின் வலியைச் சுமந்து போவது வேறொரு நரம்பு. இரண்டும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. பேசின் பிரிட்ஜ் ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கிருந்தோ வரும் தடங்கள் அங்கே பின்னிக்கொள்கின்றன. ஒரு தடத்தில் வரும் வண்டிகளைச் சற்று நிறுத்தி வைத்தால் மொத்த நெரிசலும் தளர்கிறது அல்லவா? பின்மண்டை நரம்பை மரக்கச் செய்தால் நெற்றி வலி அடங்குவது அப்படித்தான். மரப்பு சில மணி நேரத்தில் போய்விடுகிறது, நிவாரணம் மட்டும் சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கிறது. அது ஏன் என்பது மருத்துவர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

ஊசி வலிக்குமா? முடியை மழிப்பார்களா? (திருவொற்றியூர், கல்லூரி மாணவி)

மழிக்க மாட்டார்கள், கண்ணு. நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் ஒரு தலையணையைப் போட்டு, அதில் நெற்றியைச் சாய்க்கச் சொல்வார்கள். மருத்துவர் பின்மண்டையின் நடுமேட்டைத் தொட்டு, அங்கிருந்து காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை நோக்கி விரலை நகர்த்தி அழுத்துவார். ஓரிடத்தில் 'ஐயோ' என்று கத்திவிடுவோம். பெரும்பாலும் அந்த இடம்தான். ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சி, மெல்லிய ஊசியின் சுருக், மருந்து ஏறும்போது தோலுக்கடியில் பொங்குகிற எரிச்சல். அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லிக்னோகெயின், பூபிவகெயின் இரண்டில் ஒன்றையோ, இரண்டையும் கலந்தோ போடுவார்கள். இவை பல் பிடுங்கும்போது மரக்கப் போடும் மருந்தின் குடும்பம்தான்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அன்று மாலை வீட்டில் தலை வாரினேன், யாரோ ஒருத்தியின் தலையை வாருவதுபோல இருந்தது. வைத்த பூ இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சிலருக்குத் தலைசுற்றல், மயக்கம் வரும். இரண்டாம் முறை எனக்கே வந்தது. ஆகையால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

ஒரு ஊசியில் நிரந்தரமாகப் போய்விடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்களே? (வியாசர்பாடி, ஆட்டோ ஓட்டுநர்)

எனக்கும் ஒருவர் அப்படிச் சொல்லிப் பணம் வாங்கினார். மூன்றே வாரத்தில் வலி திரும்பியது. அடுத்த ஊசி சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதற்கடுத்தது ஆறு வாரம் தாங்கியது. இது குணப்படுத்துகிற ஊசி அல்ல தம்பி, மூச்சு விட இடம் கொடுக்கிற ஊசி. நிரந்தரம் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். செலவுதான் கவலை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது. இப்போது மாத்திரையும் கேட்பதில்லை. ஊசி போட்டுக்கொள்ளலாமா? (காசிமேடு, மீன் ஏலத்தில் கணக்கு எழுதுபவர்)

அண்ணா, உங்கள் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். வலிக்குப் போடும் மாத்திரையே வலியைக் கொண்டுவரும். வெறும் பாராசிட்டமால் என்றால் மாதத்தில் 15 நாள், ஒற்றைத் தலைவலிக்கென்றே கொடுக்கும் சுமாட்ரிப்டானோ எர்கோட்டமினோ, பலது கலந்த கூட்டு மாத்திரையோ என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்தக் கணக்கை எட்டினாலோ தாண்டினாலோ, ஒற்றைத் தலைவலியின் மேல் மாத்திரைத் தலைவலி என்று இன்னொன்று ஏறி உட்காரும். உங்களுக்கு மாதம் 20 நாள் ஆகிறது. நான் 22 வரை போனவள். தையல் மிஷின் டப்பாவில் பாபினைவிட மாத்திரை அட்டைதான் அதிகம் கிடந்தது.

நிறுத்தினால் முதல் சில நாள் நரகம். வலி இரட்டிப்பாகும், குமட்டும், தூக்கம் வராது. அந்த நாட்களைக் கடக்கத்தான் எனக்கு ஊசி உதவியது. கூடவே தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்து ஒன்றையும் தொடங்கினார்கள். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் என்று பல உண்டு. ஆஸ்துமாக்காரருக்குப் புரோப்ரனலால் ஆகாது, கருத்தரிக்கக்கூடிய பெண்ணுக்கு டோபிரமேட் ஆபத்து. எதுவானாலும் இரண்டு மாதமாவது பார்த்துவிட்டுத்தான் பலன் சொல்ல முடியும். ஊசி வாங்கிக் கொடுக்கும் அவகாசத்தில் வலி மாத்திரையை நிறுத்துவது, தடுப்பு மருந்தைத் தொடங்குவது என்ற இந்த இரண்டையும் செய்யாவிட்டால் பணமும் வலியும்தான் மிச்சம்.

மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் இருக்குமே, அதில் வலி வந்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். மருத்துவரிடம் அதை அப்படியே சுருட்டிக்கொண்டு போங்கள். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலி என்று மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால்தான் 'நாள்பட்டது' என்பார்கள். அந்தக் கணக்கு வாயால் சொன்னால் நிற்காது.

வயது 61, சர்க்கரை உண்டு. போன வருடம்தான் தலைவலி ஆரம்பித்தது. ஊசி ஒத்துக்கொள்ளுமா? (பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

ஐயா, ஊசியை மறந்துவிடுங்கள். 50 வயதுக்குமேல் புதிதாக வரும் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று நாமே முடிவு கட்டக்கூடாது. நெற்றிப்பொட்டில் தொட்டால் வலிக்கிறதா, மெல்லும்போது தாடை நோகிறதா, பார்வை மங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றே போங்கள். ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண்ணையே பறித்துவிடும். இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்டுங்கள்.

சர்க்கரைக்குப் பதில்: சிலர் மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். அது சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும். ஊசி விழுந்த இடத்தில் முடி கொட்டுவதும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

போடாக்ஸும் இதுவும் ஒன்றுதானா? (மணலி)

இல்லை. போடாக்ஸ் வேறு மருந்து. அது நெற்றி முதல் தோள் வரை 31 இடத்தில் குத்துவது, 12 வாரத்துக்கு ஒருமுறை. விலையும் பல மடங்கு.

கருவாடு வறுக்கும் வாசனைக்கே எனக்கு வலி வெடிக்கிறது. மாமியார் இதை நடிப்பு என்கிறார், சுக்கை அரைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார். (பழைய வண்ணாரப்பேட்டை)

பற்றுப் போட்டுக்கொள்ளம்மா, கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலி கிளம்புமுன்பே மூக்கு கூர்மையாகிவிடுவதும் உண்டு. கருவாடு காரணமா, வரப்போகும் வலியின் அடையாளமா என்று காலண்டரில் குறித்துப் பார். என் மாமியாரும் பதினொரு வருடம் நடிப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசிக்குப் போகும் நாளில் உனக்குத் துணை வேண்டுமல்லவா? அவரையே கூட்டிக்கொண்டு போ.