டர்பன் ஈரக்காற்றில் பொம்மைப் பாகங்களை ரெசினில் வார்க்கக் கற்பது எப்படி?

பொம்மைக்குப் புதுத் தலையும் கையும் வேண்டும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு கராஜிலேயே வார்க்க முடியுமா, வார்த்ததெல்லாம் ஏன் நுரைத்துப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நுரைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப் பிளாஸ்டிக்காகும் பாலியூரித்தேன் ரெசினில் ஈரம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகும், டர்பன் ஜனவரிக் காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் ஊற்றிய கையோடு போத்தலை மூடுங்கள், கலக்க மரக்குச்சியும் காகிதக் கோப்பையும் வேண்டாம், இரண்டிலும் ஈரம் இருக்கும், பிளாஸ்டிக்கே நல்லது. காற்று உலர்ந்திருக்கும் ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் பழகினால் பாதித் தொல்லை குறையும்.

முதல் அச்சுக்கு, ஊற்றினால் ரப்பராக இறுகும் சிலிகோனில் டின் (வெள்ளீயம்) வகை போதும். பிளாட்டினம் வகை நெடுநாள் உழைக்கும், ஆனால் கந்தகம் உள்ள களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். லெகோ கட்டைகளால் பெட்டி கட்டி, பாகத்தைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, ஒரு மூலையில் உயரத்திலிருந்து சிலிகோனை நூல்போல ஊற்றுங்கள், குமிழிகள் பெரும்பாலும் வழியிலேயே உடைந்துவிடும். இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு, மறுபாதி ஊற்றும் முன் முதல் பாதியில் வாசலின் தடவியே ஆக வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கத்திதான்.

சில ரெசின்கள் 3 நிமிடத்திலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும், எனவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கலக்குங்கள். அச்சுக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவித் தட்டினால் விரல் நுனிவரை ரெசின் இறங்கும். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும், உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம்.