வாடகை எங்கே போகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். 6 ஆண்டுகளுக்கு முன் 20 ஆண்டுக் கடனில் வீடு வாங்கிக் குடிவந்தோம். மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய வீடு கணவருக்கு வந்தது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். பார்ப்பவர்கள் எல்லாம் ‘உங்களுக்கென்ன, இரண்டு வீடு’ என்கிறார்கள். ஆனால் மாதம் 20-ம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் வண்டி ஓடுகிறது.

வாடகை கணவரின் சம்பளக் கணக்கில் விழுகிறது. எங்கே போகிறது என்று கேட்டால் ‘வீட்டுக்குத்தான் போகிறது’ என்கிறார். சென்ற ஆண்டு குடியிருந்தவர் திடீரென்று காலி செய்தார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கடன் வாங்கினோம். 2 மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. பெயின்ட் அடித்தோம், மோட்டார் மாற்றினோம், கூரை ஒழுகலைச் சரிசெய்தோம். இப்போது வந்திருப்பவர் ஒழுங்காகத் தருகிறார். ஆனால் பக்கத்து வீட்டு வாடகை இதைவிட அதிகம். கூட்டிக் கேட்கலாமா?

இன்னொன்று. 6 ஆண்டு கட்டியபின் 14 ஆண்டுதானே மீதி இருக்க வேண்டும்? வங்கி அறிக்கையில் 17 ஆண்டு என்று இருக்கிறது. 8 சதவீதத்தில் இருந்த வட்டி அண்மையில் 9.5 ஆகிவிட்டது. தவணைத் தொகை மாறவில்லை. வங்கி தப்பாகக் கணக்குப் போடுகிறதா?

பேசாமல் மாமனார் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்றேன். கணவர் 4 நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. விற்கலாமா, வேண்டாமா? நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. என் பதிலை அச்செடுத்துக் கணவர் முன் நீட்டப்போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் அவர் கட்சியும் இல்லை, உங்கள் கட்சியும் இல்லை.

வங்கி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அதற்கு மட்டும்தான் எண்ணில் பதில் உண்டு. வங்கி தப்பாகக் கணக்குப் போடவில்லை. 100 பங்கு கடன், 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 0.84 பங்கு வரும். முதல் மாதத் தவணையில் ஐந்தில் நான்கு பாகம் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது ஒரு பாகம்தான். 6 ஆண்டு கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்திருப்பது 60 பங்கு. அசலில் குறைந்திருப்பது 16 பங்குகூட இல்லை. இன்னும் 84 பங்கு பாக்கி.

அந்த 84-க்கு வட்டி 8-லிருந்து 9.5 ஆகிறது. வங்கி உங்கள் தவணையைக் கூட்டவில்லை. கருணை என்று நினைத்திருப்பீர்கள். தவணையில் வட்டியின் பாகம் பெருத்து, அசலுக்குப் போவது சுருங்கிவிட்டது. 14 ஆண்டு 17 ஆனது அதனால்தான். நான் போட்டுப் பார்த்த கணக்கிலும் ஏறக்குறைய 17 ஆண்டுதான் வந்தது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று பல வங்கிகளில் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் காலம் நீள்கிறது. தவணையை 9 சதவீதம் கூட்டிக் கட்ட முடிந்தால் மறுபடி 14 ஆண்டுக்கு வந்துவிடுவீர்கள். அப்படிச் செய்தால் மொத்தத்தில் மிச்சமாகும் தொகை, இப்போது கட்டும் மாதத் தவணையைப் போல 20 மடங்கைவிடச் சற்று அதிகம். வட்டியைக் குறைக்கச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். புதிதாகக் கடன் வாங்குபவருக்கு அதே வங்கி என்ன வட்டி சொல்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

ஆனால் அது அப்புறம். இன்று கையில் பணம் இருந்தால் அது கார்டுக்குப் போகட்டும். கார்டு பாக்கியின் வட்டி வீட்டுக் கடன் வட்டியைப் போலப் பல மடங்கு. அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பது, அடிப்பக்கம் ஓட்டையான குடத்துக்கு மூடி வாங்குவது போல.

சரி, வாடகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம் கணவர் சொன்னதுதான்: ‘வீட்டுக்குத்தான் போகிறது.’ எந்த வீட்டுக்கு? நீங்கள் குடியிருக்கும் வீடா, வாடகைக்கு விட்ட வீடா, குடும்பம் என்ற பொருளில் வீடா? தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல். உங்கள் பணமும் அந்தச் சொல்லைப் போலவே ஒன்றாகக் கிடக்கிறது. கணவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

வாடகை உங்கள் வருமானம் இல்லை. அது அந்தப் பழைய வீட்டின் வருமானம். அந்த வீடு தன் பெயின்ட்டுக்கும் மோட்டாருக்கும் சொத்து வரிக்கும், ஆளில்லாமல் கிடக்கப்போகும் மாதங்களுக்கும் எடுத்துவைத்துக்கொண்டு மீதியைத்தான் உங்களிடம் தரும். நீங்களோ முதல் தேதியே முழுவதையும் எடுத்துக்கொள்கிறீர்கள். மோட்டார் புகையும் நாளில் வீடு உங்கள் சம்பளத்தில் கை வைக்கிறது. சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் துரதிர்ஷ்டம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட், மோட்டார், கூரை இதில் எது எதிர்பாராதது? எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. எந்த மாதம் என்பதுதான் தெரியாது.

ஆகவே அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். இருவர் பெயரிலும் இருக்கட்டும், இருவர் போனிலும் தெரியட்டும். வாடகை அங்கேதான் விழ வேண்டும். அந்த வீட்டுக்கான ஒவ்வொரு செலவும் அங்கிருந்துதான் போக வேண்டும், குழாய் வாஷர் உட்பட.

அதில் எவ்வளவு விட்டுவைப்பது? ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்துக்கொண்டால் வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கிடக்காமலும் போகலாம். மூன்று ஆண்டு கிடக்காமல் இருந்து நான்காம் ஆண்டு மூன்று மாதம் கிடக்கும், அதுதான் வழக்கம். பழுதுக்கு, கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நிலத்தின் மதிப்பைச் சேர்க்காதீர்கள், நிலம் ஒழுகாது. பழைய வீட்டுக்கு ஒரு சதவீதம் போதாது என்பது என் அனுபவம். இன்னும் துல்லியமாக வேண்டுமானால் ஒவ்வொரு பொருளாக எழுதுங்கள்: போன முறை எந்த ஆண்டு மாற்றியது, எத்தனை ஆண்டு தாங்கும், இன்று மாற்றினால் என்ன ஆகும். 10 ஆண்டு தாங்கும் பொருள் என்றால் அதன் விலையில் 120-ல் ஒரு பங்கு மாதா மாதம் ஒதுங்கட்டும். வரியையும் காப்பீட்டையும் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் போக நிற்பதுதான் குடும்பத்துக்கு. அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுங்கள். மாதா மாதம் எடுத்தால் அது மறுபடி சம்பளம் போல ஆகிவிடும்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் இதே கதைதான், அங்கே வாடகை தருபவர் நீங்களே என்பதைத் தவிர. தவணை கட்டினால் வீட்டுச் செலவு முடிந்தது என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம்.

அட்வான்ஸ் பற்றி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருந்தபோது வந்த அட்வான்ஸை மகனின் கல்லூரிக் கட்டணத்தில் போட்டேன். ‘அவர் எங்கே போகப்போகிறார்’ என்று மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவர் ஒரு மாத நோட்டீஸில் வேலை மாறிப் போனார். மைத்துனரிடம் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனருக்குப் பணம் அந்த ஆண்டே திரும்பிவிட்டது. ஆனால் எந்தக் குடும்ப விசேஷத்திலும் அவர் அந்தக் கதையை விடுவதாக இல்லை. அட்வான்ஸ் அடுத்தவர் பணம், உங்கள் பீரோவில் இருக்கிறது, அவ்வளவுதான். வாடகைக் கணக்கோடுகூடக் கலக்காமல் தனி வைப்பில் போட்டுவிடுங்கள். இப்போதைய அட்வான்ஸ் ஏற்கெனவே கரைந்திருந்தால், கார்டுக்கு அடுத்து நிரப்ப வேண்டியது அதைத்தான்.

வாடகையைக் கூட்டலாமா என்றால், கூட்டலாம், கொஞ்சமாக. 5 சதவீதம் கூட்டிக் கேட்டு, அவர் போய், வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த இழப்பை மீட்க 20 மாதம் ஆகும். உங்களுக்கு 2 மாதம் கிடந்தது, பெயின்ட் வேறு அடித்தீர்கள். பக்கத்து வீட்டு வாடகையைப் பார்க்கும்போது பக்கத்து வீடு எத்தனை மாதம் காலியாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒழுங்காகத் தருபவர் என்கிறீர்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு. பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் கேட்டால்தான் சண்டை வரும்.

விற்பதைப் பற்றி. எண் மட்டும் பேசினால் உங்கள் பக்கம் வலுவாகத்தான் இருக்கிறது. விற்றால் 100 வரும் வீடு ஆண்டுக்கு 4 வாடகை தருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாதக் காலியும் பழுதும் வரியும் போனால் இரண்டரைகூட நிற்காது. அதே 100-ஐ 9.5 சதவீதக் கடனில் கட்டினால் ஆண்டுக்கு 9.5 வட்டி மிச்சம். விற்பனை வரியும் தரகும் கழித்தாலும் பெரிய வித்தியாசம். இன்னொரு பக்கம், வீட்டின் விலை ஏறலாம். ஏறும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். வேலை போன மாதத்திலும் வாடகை வரும். அப்புறம், வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது, விற்றால் முழுவதும் போய்விடும், திரும்ப வாங்குவது எளிதல்ல.

ஆனால் உங்கள் வீட்டின் உண்மையான எண்கள் உங்களிடமே இல்லை. என் 4-ம் 100-ம் நான் வைத்துக்கொண்டவை. அந்த வீடு சம்பாதிக்கிறதா, யானையைக் கட்டித் தீனி போடுகிறீர்களா என்று இருவருக்குமே தெரியாதபோது, ‘விற்றுவிடலாம்’ என்று நீங்கள் சொன்னது அவர் காதில் ‘உங்கள் அப்பா நமக்குச் சுமை’ என்றுதான் விழுந்திருக்கும். 4 நாளோடு விட்டாரே என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு தனிக் கணக்கு ஓடட்டும். அதன் பிறகு விற்கும் பேச்சை எடுத்தால் நீங்கள் பேச வேண்டியிராது, கணக்கே பேசும். ஒருவேளை அது அவர் பக்கமும் பேசலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

வீட்டுச் செலவை எழுதுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. அன்றாடச் சில்லறைச் செலவை எல்லாம் எழுதத் தொடங்காதீர்கள், பத்தாம் நாள் நின்றுபோகும். ஆளுக்கு ஒரு கைச்செலவுத் தொகை, அதற்குக் கேள்வி கிடையாது. மற்றதை மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பழைய வீட்டின் கணக்கு நோட்டை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். அவரிடம் கொடுங்கள். அந்த வீட்டில் வளர்ந்தவர். பழைய மோட்டார் எந்த ஆண்டு வந்தது, அதற்கு முன்னால் இருந்தது எத்தனை நாள் ஓடியது, கூரை முதலில் எந்த மூலையில் ஒழுகத் தொடங்கியது, இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் பக்கத்தில் அதை எழுதச் சொல்லுங்கள்.