வேலூரா சென்னையா? – டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. நீட்ல நல்ல மார்க் வந்திருக்கு. கவுன்சிலிங்ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் கெடைக்கும், எங்க சர்ச் சபைல ஸ்பான்சர் லெட்டர் குடுத்திருக்கறதால வேலூர் சிஎம்சியும் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) கெடைக்கும் போல இருக்கு. அப்பா ஷூ கம்பெனில வேலை பாக்குறாரு, வீட்டுக்கு பக்கம், சிஎம்சி தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. மாமா "படிச்சு முடிச்சதும் மிஷன் ஆஸ்பத்திரில வேலை பாக்கறேன்னு பாண்டு எழுதிக் குடுத்து மாட்டிக்காத, எம்எம்சி போ"ங்கறாரு. எதுல சேரட்டும்?
– ஒரு மாணவி, ஆம்பூர்

பதில்: மொதல்ல வாழ்த்துக்கள்மா. ரெண்டுல எது கெடைச்சாலும் கும்புட்டு வாங்கிக்க வேண்டிய எடம், அதனால பயப்படாம யோசி.

அப்பா சொல்ற "வீட்டுக்கு பக்கம்" விஷயத்த தள்ளி வச்சிடு. சிஎம்சில சேந்தாலும் நீ பாகாயம் கேம்பஸ் ஹாஸ்டல்ல தான் இருக்கப் போற. எம்எம்சினா ஆம்பூர்ல ரயில் ஏறி சென்ட்ரல்ல எறங்குனா எதிர்லயே ஜி.ஹெச்., அதான் எம்எம்சியோட ஆஸ்பத்திரி. பீஸும் பெரிய பிரச்சன இல்ல, ரெண்டுமே நிகர்நிலை பல்கலைக்கழகம் மாதிரி வருஷத்துக்கு இருபது லட்சம் கேக்கற எடம் கெடையாது. பட்டமும் ஒண்ணு தான், ரெண்டு காலேஜும் எம்ஜிஆர் மருத்துவ பல்கலைக்கழகத்துக்கு கீழ தான் வருது, அதே பாடம், அதே பரீட்சை.

வித்தியாசம் கத்துக்கற விதத்துல இருக்கு. எம்எம்சி 1835ல ஆரம்பிச்சது, ஒரு பேட்ச்சுக்கு 250 பேரு. ஒரு பெட்ட சுத்தி பத்து பதினஞ்சு பேரு நிப்பாங்க, நீயா முண்டியடிச்சு முன்னாடி போய் வயித்துல கை வச்சு பாத்தா தான் உண்டு, ஒதுங்கி நின்னா அஞ்சு வருஷமும் ஒதுங்கியே போயிடும். ஆனா அங்க வராத நோய் கெடையாது. கடைசில ஒரு வருஷம் பயிற்சி டாக்டரா, அதாவது ஹவுஸ் சர்ஜனா, காலைல ஆறு மணிக்கு ப்ளட் எடுக்க ஆரம்பிச்சா கொஞ்ச நாள்லயே கண்ண மூடிட்டு நரம்பு பிடிப்ப. நோயாளிங்க முக்கால்வாசி நம்ம பாஷை பேசறவங்க, கேஸ் ஹிஸ்டரி அவங்க வாய்லயே வரும்.

சிஎம்சில 100 பேரு தான். உன் பேரு சொல்லி கூப்புடுவாங்க, தப்பு பண்ணா உடனே புடிச்சிடுவாங்க. படிக்கும்போதே உங்கள கிராமத்துக்கு கூட்டிட்டுப் போய் தங்க வப்பாங்க, வீடு வீடா போய் தண்ணி எங்கருந்து வருது, கொழந்த என்ன சாப்புடுதுன்னு கேக்கணும். அது ரொம்ப பெரிய படிப்பு, நான் படிச்ச காலேஜ்ல எனக்கு கெடைக்காத படிப்பு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கோ, அந்த வார்டுல வங்காளத்துலருந்தும் ஜார்க்கண்ட்லருந்தும் வந்தவங்க நெறைய, வேலூர் தெருவுல லாட்ஜ் போர்டே பெங்காலில இருக்கும், அதனால நீ கொஞ்சம் இந்தி பெங்காலி பழகிக்கணும்.

ரெண்டும் எதிரி முகாம் மாதிரி உங்க மாமா பேசறது தான் எனக்கு கஷ்டமா இருக்கு. 1986ல எம்எம்சி பேராசிரியர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் சேகரிச்ச ரத்த சாம்பிள டெஸ்ட் பண்ண ஐஸ் பாக்ஸ்ல வச்சு ரயில்ல எடுத்துட்டுப் போனது வேலூர் சிஎம்சிக்கு தான், இந்தியால மொத மொதல்ல எச்ஐவி இருக்குன்னு அப்படி தான் தெரிஞ்சுது.

இப்ப பாண்டு. ஸ்பான்சர் சீட்ல சேந்தா படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரில வேலை பாக்கணும். எம்பிபிஎஸ் நாலரை, ஹவுஸ் சர்ஜன் ஒண்ணு, இது ரெண்டு, மொத்தம் ஏழரை வருஷம். பாண்டு இல்லாமலே நான் அந்த மாதிரி மலையடிவார ஆஸ்பத்திரி ஒண்ணுல ரெண்டு வருஷம் இருந்தேன். ஒரு ராத்திரி பிரசவம் முடிஞ்ச அம்மாவுக்கு ரத்தம் நிக்கல, கரண்டும் இல்ல, பெரிய டாக்டர் ஊர்ல இல்ல. நர்ஸ் அக்கா டார்ச்ச புடிக்க நான் வயித்து மேல கை வச்சு கர்ப்பப்பைய அமுக்கி தேச்சுகிட்டே இருந்தேன், பெசஞ்ச மாவு மாதிரி தொளதொளன்னு இருந்தது, ஊசி போட்டு கொஞ்ச நேரத்துல கைக்கு கீழ தேங்கா மாதிரி கெட்டியாச்சு, அந்த நிமிஷம் தான் நான் டாக்டர் ஆனேன்னு இன்னைக்கும் நெனைக்கிறேன். அதே ரெண்டு வருஷத்துல மேல்படிப்புக்கான நீட் பிஜி புத்தகத்த என்னால ஒழுங்கா தொடவே முடியல, கூட படிச்சவங்க பிஜி ரெண்டாவது வருஷம் போயிட்டாங்க, அந்த வலியையும் உங்கிட்ட மறைக்க மாட்டேன்.

உன் கடுதாசில அப்பா இருக்காரு, மாமா இருக்காரு, நீ என்ன ஆகணும்னு ஒரு வரி கூட இல்லமா. அந்த ரெண்டு வருஷம் உனக்கு ஆசையா இருந்தா கண்ண மூடிட்டு சிஎம்சி போ, அது மாதிரி தயார் பண்ற எடம் கெடைக்காது. சீட்டுக்காக மட்டும் கையெழுத்து போடறதா இருந்தா வேண்டாம், எம்எம்சி போ, உன் எடத்துல இன்னொரு பொண்ணு மனசார போவா.

முடிவு பண்றதுக்கு முன்னாடி பாண்டு பேப்பர அப்பாவும் நீயும் உக்காந்து ஒவ்வொரு வரியா படிங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, எப்ப போகணும், நடுவுல விட்டா எவ்ளோ கட்டணும்னு சபைல எழுதி வாங்கு. அந்த ஆஸ்பத்திரி பேரு தெரிஞ்சா ஒரு நாள் பஸ் ஏறிப் போய், அங்க இப்ப வேலை பாக்கற ஜூனியர் டாக்டர் கிட்ட பத்து நிமிஷம் பேசிட்டு வா.