எத்தனை பேருக்குச் சமைப்பது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகை நெருங்கினாலே எங்கள் வீட்டில் சண்டைதான். எல்லாம் சமையல் சாமான் வாங்குவதை வைத்து. என் கணவர் எதையும் கடைசி நாளுக்குத்தான் வைப்பார். மாதச் சாமானில் ஒரு குறையும் சொல்ல முடியாது, முதல் வாரமே வந்துவிடும். பண்டிகைச் சாமான் என்றால் மட்டும் "இன்னும் நாள் இருக்கே, பார்த்துக்கலாம்" என்பார். நாளைக்குப் பண்டிகை என்றால் இன்று மாலைதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

அந்த நேரத்தில் கடையில் என்ன கிடைக்கும்? வாடிய கீரை, அடிபட்ட காய். உறையவைத்த இறைச்சி கல் மாதிரி வரும். வெந்நீரில் போட்டால் மேலே வெந்ததுபோல் வெளுத்துவிடுகிறது, நடுவில் கத்தி இறங்குவதில்லை. பருப்பு ஊற நேரம் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் நான்தான் செய்து முடிக்க வேண்டும். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்.

கடையில் நின்றுகொண்டு போன் வேறு. "மாவு எத்தனை கிலோ? எண்ணெய் எத்தனை லிட்டர்?" இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு இதுகூடவா தெரியாது? பட்டியல் எழுதித்தான் கொடுக்கிறேன். அதைப் பார்த்து வாங்கி வர என்ன கஷ்டம்? எனக்குக் கோபம் வந்து, "உங்களுக்குத் தோன்றியதை வாங்குங்கள்" என்று வைத்துவிடுவேன். பிறகு அவர் வாங்கி வருவது ஒன்று கூடுதலாக இருக்கும், இல்லையென்றால் போதாது.

எத்தனை பேருக்கு என்று நானும் திட்டமாகச் சொல்ல முடிவதில்லைதான். அப்பா தவறிய பிறகு வீட்டைப் பிரிப்பதில் அண்ணனோடு ஒரு மனத்தாங்கல். போன பண்டிகைக்கு அவர்கள் வரவில்லை. அவர்கள் நாலு பேருக்கும் சேர்த்துச் செய்தது அப்படியே மிஞ்சிப்போனது. இந்தத் தடவை இன்னும் கேட்கவில்லை. அது கிடக்கட்டும், அது வேறு விஷயம்.

நான் கேட்பது என் கணவரைப் பற்றி. பத்து நாள் முன்னாலேயே சொன்னாலும் அசையாதவரை எப்படி மாற்றுவது? என் உழைப்புக்கு இந்த வீட்டில் மதிப்பே இல்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? ஒவ்வொரு பண்டிகையும் எனக்கு அழுகையில்தான் முடிகிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே ராத்திரியில் ஒற்றை ஆளாக அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் செய்து முடிப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் களைப்பில் வரும் கண்ணீரை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அடுக்கியிருப்பவற்றை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசப் போவதில்லை. "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கி வைத்தீர்களே, எனக்கு அதில்தான் கண் போகிறது.

விருந்துச் சாமான் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது மாவும் இல்லை, எண்ணெயும் இல்லை, தலைக்கணக்கு. 8 பேருக்கா, 12 பேருக்கா? 8 பேருக்கு 2 கிலோ மாவு என்றால் 12 பேருக்கு 3 கிலோ. கணக்கு மாறுவது அளவில் மட்டும் இல்லை, பாத்திரமும் நேரமும்கூட மாறும். 3 கிலோ மாவை 2 கிலோவுக்கான நேரத்தில் பொரித்து எடுக்க முயன்றால், ஒரே ஈட்டில் நிறையப் போட வேண்டிவரும். எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். பலகாரம் மொறுமொறுப்பாக வராமல் எண்ணெய் குடித்து நிற்கும். ஆகவே ஆள் எண்ணிக்கை தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு யாராலும் சரியாகக் கடைக்குப் போக முடியாது. கடையில் நின்று அவர் போன் செய்வது பொறுப்பில்லாமல் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் அவர் உங்களிடம் கேட்கிறார். நீங்கள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறீர்கள்.

மாதச் சாமான் முதல் வாரமே வந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே மனிதர், அதே கடை. அங்கே அளவு தெரியும், வீட்டில் எத்தனை பேர் என்பது தெரியும். சோம்பேறி என்றால் அதிலும் சோம்பலாக இருந்திருப்பார். என் தீர்ப்பைக் கேட்டால், இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். உங்களுக்கு இது கசக்கும். ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது.

அண்ணனை இன்னும் நீங்கள் அழைக்கவில்லை. அழைக்காதவரை அவர் "வரமாட்டேன்" என்று சொல்லவும் முடியாது. பட்டியலில் அளவு எழுதும் நாளில் இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: அவருக்கும் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்தால் போன தடவைபோல் மிஞ்சிப்போகுமோ என்ற பயம். சேர்க்காவிட்டால், அண்ணன் இல்லாத வீடு என்று உங்கள் கையாலேயே எழுதியதாகிவிடும். அதனால் பட்டியல் அரைகுறையாகவே கிடக்கிறது, கடைசி மாலைவரை. இதை நீங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை. வலிக்கும் கேள்வியை மனம் இப்படித்தான் தள்ளிப்போடும், தள்ளிப்போட்ட பழியை அருகில் இருப்பவர் மேல் போடும். அண்ணன் மேல் காட்ட முடியாத கோபம் கணவர் மேல் இறங்குகிறது. அண்ணனுக்காகத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றே தோன்றுகிறது.

போன பண்டிகையில் மிஞ்சியது நாலு பேருக்கான பண்டம் மட்டுமா? அப்பா இல்லாத வீட்டில் அண்ணனும் வராமல் போன அந்த நாளைப் பற்றி உங்களிடம் யாராவது பேசினார்களா? நீங்கள் யாரிடமாவது பேசினீர்களா? "என் உழைப்புக்கு மதிப்பே இல்லை" என்ற வரியை முதலில் கணவருக்கானது என்றுதான் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, அது அண்ணனை நினைத்து எழுதியதாகவே எனக்குப் பட்டது.

ஆகவே முதல் வேலை, அண்ணனுக்கு ஒரு போன். அதில் வீட்டுப் பிரிவினை வரக் கூடாது. இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் அழைப்பு பேரமாகிவிடும். "பண்டிகைக்கு வாங்கண்ணே, அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா சாமான் வாங்கச் சௌகரியமா இருக்கும்." இவ்வளவு போதும். கெடு வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். கெடு இல்லாத அழைப்புக்குத்தான் "பார்க்கலாம்" என்ற பதில் வரும். உங்களைக் கடைசி நாள்வரை தொங்கவிடுவது அதுதான்.

அண்ணனின் பதில் வரும்வரை எதையும் வாங்க முடியாது என்பதும் இல்லை. கெட்டுப்போகாத சாமானை 12 பேருக்கே இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கிவிடலாம். மாவு, சர்க்கரை, எண்ணெய், பருப்பு, உலர்ந்த மசாலா எல்லாம் மிஞ்சினால் அடுத்த மாதத்தில் கழியும். கொட்டை வகைகளை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில், சூடும் வெளிச்சமும் படாமல் வையுங்கள், இல்லாவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். காய், கீரை, பால் போன்றவற்றுக்குத்தான் சரியான தலைக்கணக்கு வேண்டும். அவற்றை எப்படியும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால்தான் வாங்கப் போகிறீர்கள். அதாவது, அண்ணன் வருவாரா மாட்டாரா என்பதால் உண்மையில் ஆடுவது ஒரு பை காய்கறி. இத்தனை நாளும் முழுப் பண்டிகையும் அதில் தொங்குவதாக நினைத்திருந்தீர்கள்.

இறைச்சிக்குத்தான் நாள் கணக்கு கறாராக வேண்டும். உறைந்த பெரிய துண்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பனி விட, 2 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். 4 கிலோ என்றால் இரண்டு நாள். வெந்நீரில் போடவே வேண்டாம். நடுவில் பனி இருக்கும்போதே மேற்பகுதி 5 டிகிரிக்கு மேல் போய்விடும், கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான். பனி விட்ட கோழியை ஓரிரு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். ஆகவே இதை மிகவும் முன்னாலும் வெளியில் எடுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜை முந்தின வாரமே காலி செய்து வையுங்கள். இடைவெளியே இல்லாமல் அடைத்தால் குளிர்காற்று சுற்றி வராது, உள்ளே 4 டிகிரி நிற்காது.

உங்கள் கணவரிடமும் ஒரு குறை இருக்கிறது. "இன்னும் நாள் இருக்கே" என்பது அவர் ஒருவரின் குணம் மட்டும் இல்லை. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கும்போது மனிதர்கள் குறைத்தே கணிக்கிறோம், போன தடவை தாமதமானது நினைவில் இருந்தும்கூட. 1994-ல் வந்த ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள், ஆனது 55.5 நாள். 2004-ல் க்ரூகர், எவன்ஸ் என்ற இருவர் பண்டிகைப் பரிசுகள் வாங்குவது, உணவு தயாரிப்பது போன்ற வேலைகளை வைத்தே சோதித்தார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதச் சொன்ன பிறகு கணிக்கச் சொன்னால், கணிப்பு உண்மைக்கு அருகே வந்தது.

"கடைக்குப் போய் வருவது" என்பது அவர் மனத்தில் ஒரே வேலை. இருவரும் உட்கார்ந்து அதைப் பிரித்து எழுதுங்கள்: வண்டி நிறுத்த இடம் தேடுவது, ஒரு கடையில் இல்லாததற்கு இன்னொரு கடை, பணம் கட்டும் வரிசை, மாடிக்குத் தூக்கி வருவது, பிரித்து டப்பாவில் போடுவது, பருப்பை முந்தின ராத்திரியே ஊறப்போடுவது. கடைசி மூன்றையும் அவர் பெயரிலேயே எழுதுங்கள். பையை இறக்கிவிட்டு உட்காரும் பழக்கம் அதில்தான் மாறும், கத்துவதில் மாறாது. பத்து நாள் முன்னால் வாய்மொழியாகச் சொன்னதையும் விடுங்கள். "சனிக்கிழமை காலை, காபி குடித்ததும் உலர் சாமான்" என்று நாளும் நேரமும் சேர்த்து அவர் வாயாலேயே சொல்லட்டும்.

அண்ணன் "முடியாது" என்றால்? சொல்லலாம், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் போன் செய்ய வேண்டும். அப்படி நடந்தால் அன்று மாலையே கணவரிடம் சொல்லுங்கள், அழுகை வந்தால் அவர் எதிரிலேயே அழுங்கள். பண்டிகை ராத்திரி அடுப்படியில் தனியாக அழ வேண்டாம். அதன் பிறகு 8 என்று எழுதி, அளவுகளை நிரப்பி, பட்டியலை அவர் கையில் கொடுங்கள். வீட்டுப் பிரிவினையை, பண்டிகை முடிந்து ஒரு மாதம் போகட்டும், இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். அப்போது மறுபடி எழுதுங்கள், அதைப் பற்றி விரிவாகப் பேசலாம்.