பிரிந்தால் பிப் நின்றுவிடுமா?

வணக்கம் அக்கா,

கிழக்கு லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி) வாடகை வீடு, என் பெயர், கணவர் பெயர் இரண்டிலும் இருக்கிறது. பக்கவாதம் வந்து நான்கு வருடம். எனக்கு பிப் (உடல்நலக் குறைபாட்டுக்காக அரசு தரும் உதவித்தொகை) வருகிறது. யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவி) கணவரின் கணக்குக்குப் போகிறது. இனி அவரோடு வாழ முடியாது. 'பிரிந்தால் உன் காசும் நிற்கும், வீடும் போகும்' என்கிறார். உண்மையா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பிப் உங்கள் உடல்நிலைக்காக உங்களுக்குத் தரப்படுவது. கணவர் இருக்கிறாரா, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்றெல்லாம் அதற்குப் பார்ப்பதில்லை. பிரிந்ததற்காக ஒரு பென்ஸ்கூடக் குறையாது. அது அவர் கணக்குக்குப் போகிறது என்றால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட் வேறு. தம்பதிக்கு ஒரே கோரிக்கை, பிரிந்தால் தனித்தனி. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டு, பிரிந்ததும் அறிவித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா வெட்கத்தில் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அதுவரை காசு அவருடைய கணவரின் கணக்குக்கே போனது. கடைசியில் வலது கை வராத அந்த அம்மாவுக்காக நான்தான் பக்கத்தில் இருந்து அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். போன மாதங்களின் காசு திரும்ப வரவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது.

உங்கள் கணவர் வீட்டைவிட்டுப் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் சமையல், படுக்கை, காசு எல்லாம் உண்மையில் தனித்தனி என்றால் பிரிந்தவர்களாக ஏற்பார்கள். கேள்வி கேட்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். வாடகை ஒப்பந்தம் இருவர் பெயரிலும் இருக்கும்போது, அவர் ஒருவர் மட்டும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாலே உங்கள் உரிமையும் சேர்ந்து முடிந்துவிடக்கூடும். அதனால் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். இந்த வாரமே குடும்பச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸையோ பாருங்கள். 1996ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி, ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். விவாகரத்து முடிவதற்குள் கேட்பதுதான் பாதுகாப்பு.

அவர் போனபின் யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகை உதவியில் முழு வாடகையையும் உங்களுக்கே கணக்கிடச் சொல்லுங்கள். ஓர் அறை கூடுதலாகிவிட்டது என்று வாடகை உதவியில் 14 சதவீதம் வெட்டலாம். ஆனால் இரவில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வருகிறார் என்றால் அந்த ஆளுக்கு ஓர் அறை உண்டு, அதைக் கேளுங்கள். வீட்டில் வயதுவந்தவர் நீங்கள் மட்டும்தான் என்றால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

அவர் கை நீட்டுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் உடனே வெளியேறுங்கள். திரும்பி வரும் எண்ணம் இருந்தால், இரண்டு வீட்டு வாடகைக்கும் 12 மாதம்வரை உதவி பெற வழி இருக்கிறது. உங்கள் வீசா அவரைச் சார்ந்தது என்றால், எதையும் அறிவிக்குமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

அப்புறம், இவ்வளவு நாளும் உங்களைக் குளிப்பாட்டியது யார்? அவர்தான் என்றால், கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) வாங்கியிருந்தால் அது அவருக்கு நிற்கும். வாரம் 35 மணிநேரம் பார்த்துக்கொள்கிற வேறு ஒருவர், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், அதைக் கேட்கலாம். அப்படி யாரும் இல்லையா? கவுன்சிலுக்கு போன் எடுத்து, பராமரிப்புத் தேவையை மதிப்பிட ஆளை அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா